போர்ஷே வாங்குவது ஈஸி... வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்! - வீட்டு கராஜில் பிழைத்துக் கிடக்கும் பழைய பாக்ஸ்டர்கள்

போர்ஷே பாக்ஸ்டரின் முன்பக்க பானெட்டைத் திறந்தால் உள்ளே ஆழமான ஒரு குழிதான் இருக்கும். சூட்கேஸ் வைக்கலாம். பின்பக்கம் திறந்தால் அங்கேயும் ஒரு டிக்கி. ‘சரி, இன்ஜின் எங்கே?’ என்று முதல்முறை பார்ப்பவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். சீட்டுக்குப் பின்னால், பின் டிக்கிக்கு முன்னால், காரின் வயிற்றுக்குள் படுத்துக்கிடக்கிறது அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின். மேலே இருந்து பார்த்தால் கண்ணில் படாது. பின் டிக்கியில் ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி. அவ்வளவுதான் ஓனருக்கு விட்டுவைத்த இடம். ‘மற்றதெல்லாம் உனக்கெதற்கு, ஓட்டிக்கொண்டு போ’ என்று கம்பெனியே சொல்வது மாதிரி ஒரு அமைப்பு!

ஆனால், இன்றைக்கு இந்தக் காரை வைத்திருப்பவர்களில் நிறைய பேர் அப்படி ஓட்டிக்கொண்டு மட்டும் போக முடியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறை நாள்களில் கராஜ் கதவைத் திறந்துவைத்து, காரின் அடியில் அட்டையை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். அவர்கள் மெக்கானிக்குகள் இல்லை. தினமும் ஆபீஸ் போய் வருபவர்கள், ரிட்டயர் ஆனவர்கள், கல்லூரி முடித்து முதல் சம்பளம் வாங்கியவர்கள். காரணம், ஆசை பாதி. கணக்கு மீதி.

அந்தக் கணக்கு இதுதான். அமெரிக்காவில் பாக்ஸ்டர் அறிமுகமானபோது விலை 39,980 டாலர். அந்த முதல் தலைமுறை கார்களுக்கு இப்போது வயது 20-ஐத் தாண்டிவிட்டது. பழைய கார் சந்தையில் ஒரு சாதாரண செகண்ட் ஹேண்ட் குடும்பக் காரின் விலைக்கே ஒரு போர்ஷே கிடைக்கிறது. ‘போர்ஷே ஓனர்’ என்று சொல்லிக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால், காரின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, அதற்கான வைத்தியச் செலவு இறங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் மணிக்கணக்கு கூலி போர்ஷே ரேட்தான். ஸ்பேர் பார்ட்ஸும் போர்ஷே ரேட்தான். இரண்டு பெரிய ரிப்பேர் வந்தால், கார் வாங்கிய பணத்தைத் தொட்டுவிடும். அதனால்தான் ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்கள்.

கம்பெனியைக் காப்பாற்றிய கார்

இந்த காருக்கு ஒரு பெருமை உண்டு. 1990-களின் ஆரம்பத்தில் போர்ஷே கம்பெனி விற்பனை சரிந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. 1993-ல் டெட்ராய்ட் ஆட்டோ ஷோவில் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் மாடலைக் காட்சிக்கு வைத்தது. பாக்ஸர் வகை இன்ஜின், கூரை திறந்து ஓட்டும் ரோட்ஸ்டர். இரண்டையும் சேர்த்துத்தான் பாக்ஸ்டர் என்று பெயர். பார்த்தவர்கள் கொடுத்த வரவேற்பில் கம்பெனிக்கு நம்பிக்கை வந்தது. தலைவராக வந்த வெண்டலின் வீடெக்கிங், டொயோட்டா உற்பத்தி முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்து தொழிற்சாலையையே புரட்டிப்போட்டார். 1996-ல் 986 என்ற குறியீட்டோடு பாக்ஸ்டர் விற்பனைக்கு வந்தது. 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன். ஆர்டர் குவிந்ததால், ஃபின்லாந்தில் வால்மெட் நிறுவனத்தின் ஆலையிலும் வைத்துத் தயாரித்தார்கள்.

செலவைக் குறைக்க, அடுத்து வந்த 911 மாடலான 996-உடன் முன்பக்கத்தைப் பங்குபோட்டுக் கொண்டது. கதவு, பானெட், ஹெட்லைட் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘அவ்வளவு காசு கொடுத்து 911 வாங்கினால், முன்னாடியிருந்து பார்க்க பாக்ஸ்டர் மாதிரியே இருக்கிறதே’ என்று 911 ஓனர்கள் கடுப்பானது தனிக் கதை. அவர்கள் கடுப்பு, இப்போதைய கராஜ் மெக்கானிக்குகளுக்கு லாபம். இரண்டு கார்களுக்கும் பொதுவான பாகங்கள் என்பதால், உடைத்துப் பிரித்த பழைய கார்களிலிருந்து சாமான் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆயில் மாற்றுவது ஆயில் மாற்ற மட்டும் அல்ல

வீட்டில் முதலில் கற்றுக்கொள்ளும் வேலை ஆயில் மாற்றுவது. சின்ன கார்களுக்கு 3, 4 லிட்டர் போதும் என்றால், இதற்கு 8 லிட்டருக்கும் மேல் வேண்டும். பழைய ஆயிலைப் பிடிக்கும் தட்டு சின்னதாக இருந்தால், கராஜ் தரை குளமாகிவிடும். பலருக்கும் முதல் பாடமே அதுதான்!

இந்த காரில் ஆயில் ஃபில்டர், பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் இருக்கும் மடிப்பு மடிப்பான பேப்பர். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கழற்றியதும் குப்பையில் போடுவதில்லை. மேலும் கீழும் வெட்டி, பேப்பரை விசிறி மாதிரி விரித்து, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்ப்பது போல.

மடிப்புகளில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால், உள்ளே டைமிங் செயின் உரசி ஓடும் பட்டைகள் தேய்கின்றன என்று அர்த்தம். மினுமினுவென்று உலோகத் தூள் இருந்தால், ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம். அதுவும் கவலைதான், ஆனால் வேறு கவலை. ஒட்டினால் இரும்பு. அங்கேதான் ஓனருக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால், இந்த இன்ஜினில் இரும்புத் தூள் என்றதும் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவது ஒரே ஒரு பேரிங்.

கைக்குள் அடங்கும் பேரிங்... காலியாகும் இன்ஜின்

அதன் பெயர் ஐ.எம்.எஸ் பேரிங். இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்பதன் சுருக்கம். இன்ஜினின் கிராங்க் சுற்றும்போது, அந்தச் சுழற்சியை செயின்கள் வழியாக இரண்டு பக்கமும் இருக்கும் கேம்ஷாஃப்டுகளுக்குக் கடத்துவது இந்த இடைத்தண்டு. தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். உள்ளேயே கிரீஸ் வைத்து சீல் செய்யப்பட்டது.

சிக்கல் அந்த சீலில்தான் ஆரம்பிக்கிறது. வருஷக்கணக்கில் சூட்டிலும் ஆயிலிலும் கிடந்து கிரீஸ் கரைந்துபோகிறது. சரி, சுற்றி ஓடும் இன்ஜின் ஆயிலாவது உள்ளே போய் வழுவழுப்பைக் கொடுக்குமா என்றால், சீல் அதையும் சரியாக விடாது. பேரிங் காய்கிறது, தேய்கிறது, ஒருநாள் உடைகிறது. தண்டு ஆட்டம்கண்டால் செயினின் பிடி தளரும். வால்வு திறக்க வேண்டிய நேரமும் பிஸ்டன் மேலே வர வேண்டிய நேரமும் குழம்பி, இரண்டும் மோதிக்கொள்ளும். சில நொடிகளில் இன்ஜின் முடிந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமான் போனதால், காரின் விலையைவிட அதிகமாக இன்ஜினுக்குச் செலவு. பல பாக்ஸ்டர்கள் உடைப்புக் கடைக்குப் போனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலான கார்களில் இது நடப்பதே இல்லை. ஆரம்பகால இன்ஜின்களில் இருந்த இரட்டை வரிசை பேரிங் நன்றாகவே தாங்குகிறது. சுமார் 2000-க்குப் பிறகு 2005 வரை வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் கெட்ட பெயர் வாங்கியது. அமெரிக்காவில் ஓனர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2001 முதல் 2005 வரையிலான குறிப்பிட்ட கார்களுக்காக 2013-ல் சமரசம் ஏற்பட்டது. போர்ஷே 2009 மாடல்களுக்குக் கொண்டுவந்த புதிய இன்ஜினில் இந்த இடைத்தண்டையே தூக்கிவிட்டார்கள். பிரச்னைக்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா என்ன?

வேடிக்கை என்னவென்றால், கிலோமீட்டர் குறைவாக ஓடிய கார் என்று ஆசைப்பட்டு வாங்கினால் இந்த விஷயத்தில் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. போர்வை போர்த்தி நிறுத்திவைத்த காரைவிட, தினமும் ஓடி, அடிக்கடி ஆயில் மாற்றிய கார் மேல் என்பதுதான் இந்த இன்ஜினோடு பழகியவர்களின் கருத்து. அதனால், கம்பெனி சொன்ன இடைவெளிக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே ஆயில் மாற்றுகிறார்கள். பேரிங் போவதற்கு முன் பெரும்பாலும் சத்தம் எதுவும் வராது. வீட்டிலேயே பார்க்க முடிகிற ஒரே எச்சரிக்கை அந்த ஃபில்டர் பேப்பர்தான். சர்வீஸ் சென்டரில் விட்டால் அந்த பேப்பரை விரித்துப் பார்க்க யாருக்கு நேரம்? வீட்டில் செய்பவருக்கு நேரம் இருக்கிறது. கூலி மிச்சம் என்பதைவிட இதுதான் பெரிய லாபம்.

மாற்று பேரிங்குகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. பீங்கான் குண்டுகள் வைத்த பேரிங்கூட உண்டு. ஆனால் அதைப் போட, காரைத் தூக்கி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். ‘எப்படியும் கிளட்ச் மாற்றப்போகிறோம், அப்போதே பேரிங்கையும் போட்டுவிடலாம்’ என்பதுதான் வழக்கமான திட்டம். இதை வீட்டில் செய்தவர்களும் இருக்கிறார்கள். அதற்குமுன் கிராங்கையும் கேம்ஷாஃப்டுகளையும் தனி டூல் போட்டு அசையாமல் பூட்ட வேண்டும். பூட்டாமல் செயின் டென்ஷனரைத் தளர்த்தி ஒரு பல் நகர்ந்துவிட்டால், எந்த விபத்தைத் தவிர்க்க இறங்கினோமோ அதையே நாமே செய்து முடித்த மாதிரி ஆகிவிடும். ஆயில் மாற்றத் தெரிந்த தைரியத்தில் இறங்கக்கூடிய வேலை இல்லை இது. நன்றாகத் தெரிந்த ஒரு தனியார் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

இலையால் நின்றுபோகும் கார்

இன்ஜினைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பவரை, பாக்ஸ்டர் வேறு பக்கத்திலிருந்து அடிக்கும். மழைத் தண்ணீர்!

துணிக் கூரை மடங்கி உட்காரும் இடத்தின் ஓரங்களில், மழைநீர் வடிவதற்குச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. மரத்தடியில் நிறுத்தும் காரில், சருகும் தூசியும் சேர்ந்து இந்த ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். வடிய வழியில்லாத தண்ணீர் காருக்குள் இறங்கி, தரை விரிப்புக்கு அடியில் சத்தமில்லாமல் தேங்கும். காரின் அலாரம், இம்மொபிலைசர் இரண்டையும் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? இடதுபக்க ஸ்டீயரிங் கார்களில், டிரைவர் சீட்டுக்கு அடியில், தரையோடு தரையாக! அது நனைந்தால் சாவியை கார் அடையாளம் காணாது. கார் ஸ்டார்ட் ஆகாது. பெட்டியை மாற்றினாலும் சும்மா செருகினால் போதாது, சாவிக்கான கோடுகளைப் பதிய வேண்டும். செலவு எகிறும்.

இதற்கான வைத்தியம் பத்து நிமிட வேலை. கூரையைப் பாதி திறந்த நிலையில் வைத்து, சருகுகளைக் கையால் அள்ளி, வளையக்கூடிய நைலான் நரம்பை ஓட்டைக்குள் மெதுவாக விட்டு எடுப்பார்கள். புல் வெட்டும் மெஷினில் சுற்றியிருக்குமே, அந்த நரம்புதான். கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்தால் வேகமாக முடியும் என்று தோன்றும். உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிட்டால் அதன்பிறகு மழை நேராக காருக்குள்தான். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, அது காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

அதே கூரையில் இன்னொரு வினோதம். 2002 வரையிலான மாடல்களில் பின்பக்க ஜன்னல் கண்ணாடி இல்லை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். கூரை மடங்கும்போது அதுவும் மடங்கும். வயதான பிளாஸ்டிக், குளிர்காலத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். அதனால், கூரை மடங்கும்போது பாதியில் நிறுத்தி, காரைவிட்டு இறங்கி, உள்ளங்கையின் ஓரத்தால் ஜன்னலின் நடுவில் ஒரு தட்டு தட்டி, ஒழுங்காக மடியவைத்துவிட்டு மறுபடி சுவிட்சை அழுத்துவார்கள். கராத்தே வெட்டு மாதிரி இருப்பதால் இதற்கு ‘பாக்ஸ்டர் சாப்’ என்றே பெயர். ஒற்றை பட்டனில் கூரை திறக்கும் சொகுசு காரில், சிக்னலில் இறங்கி ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து காரில் இருப்பவர் என்ன நினைப்பார்? அதைப் பற்றி ஓனர்கள் கவலைப்படுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

ஒரே சாமான், இரண்டு விலை

போர்ஷே எல்லா பாகங்களையும் தானே செய்வதில்லை. எந்த கார் கம்பெனியும் செய்வதில்லை. சென்சார்கள் பாஷ் செய்தவை. வேறு பல பாகங்கள் ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களிலும் இருப்பவை. இதைக் கண்டுபிடிப்பதில் கராஜ் மெக்கானிக்குகளுக்கு அலாதி சந்தோஷம்.

நல்ல உதாரணம், சாவி போடும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்சின் மின்பகுதி. இது தேய்ந்தால் விசித்திரமான கோளாறுகள் வரும். ஏ.சி திடீரென நிற்கும், சாவி திரும்பிவராமல் சிக்கும். சாவித் துவாரம், பூட்டு எல்லாவற்றையும் முழு செட்டாக மாற்றினால் பெரிய பில். ஆனால், கெட்டுப்போவது கடைசியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் சுவிட்ச் மட்டும்தான். அதே சுவிட்ச் ஆடி கார்களுக்கும் பொருந்துவது. அந்தப் பெட்டியில் வாங்கினால் விலை பல மடங்கு குறைவு. பிடித்திருப்பது இரண்டே இரண்டு குட்டி ஸ்க்ரூ. கஷ்டம் ஸ்க்ரூவில் இல்லை, டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு அதை எட்டுவதில்தான். யோகா தெரிந்தவர்களுக்குச் சுலபம்.

ஃபேன் பெல்ட் மாற்ற, சீட்டுகளை முன்னால் தள்ளி, பின்னால் இருக்கும் விரிப்பையும் தகட்டையும் கழற்றினால் இன்ஜினின் முகம் தெரியும். காருக்குள்ளேயே மண்டிபோட்டு பெல்ட் மாற்றலாம். சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் ஸ்பார்க் பிளக்குகள் பக்கவாட்டில் இருக்கின்றன; காரைத் தூக்கி, பின் சக்கரங்களைக் கழற்றி, ஆறையும் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். அப்போதே இக்னிஷன் காயில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது வழக்கம். விரிசல் இருந்தால் மழைநாளில் இன்ஜின் திக்கும்.

பின் டிக்கி விரிப்பு ஈரமாக இருந்து, இனிப்பான ஒரு வாசனை வந்தால், பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க் விரிசல் விட்டிருக்கிறது. வயதான பாக்ஸ்டர்களுக்கு வரும் வழக்கமான நோய். டேங்கை மாற்றுவது பொறுமை வேண்டிய வேலை, ஆனால் வீட்டில் முடியும். ஒரே எச்சரிக்கை: கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். தட்டில் பிடித்ததைத் திறந்தபடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. குழந்தைகளும் நாய், பூனைகளும் இருக்கும் வீட்டில், மூடிய கேனுக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை.

இந்த வேலைகளுக்கெல்லாம் பலரும் கையில் வைத்திருப்பது, வேய்ன் டெம்ப்ஸி எழுதிய ‘101 புராஜெக்ட்ஸ் ஃபார் யுவர் போர்ஷே பாக்ஸ்டர்’ புத்தகம். கிரீஸ் கறை படியாத பிரதியைப் பார்ப்பது அபூர்வம்.

ஜாக்கை நம்பாதே!

பணம் போனால் சம்பாதிக்கலாம். ஜாக் நழுவினால்?

வீட்டில் கார் வேலை பார்ப்பதில் உண்மையான ஆபத்து இதுதான். ஜாக் காரைத் தூக்குவதற்கான சாதனம், தாங்குவதற்கானது அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கின் உள்ளே ஒரு சீல் கசிந்தாலும் கார் இறங்கிவிடும். அதனால் தூக்கிய உடனே கம்பெனி குறித்த இடங்களில் ஜாக் ஸ்டாண்டுகளை வைத்து, காரை அதன்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் போவார்கள். தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். பாக்ஸ்டரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பின்பாதியில் இருப்பதால் எடையும் அங்கேதான் அதிகம். ஆயில் மாற்றுவதற்கு மட்டும் என்றால், சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் சரிவு மேடைகளே போதும். கழற்றிய சக்கரத்தைக்கூட காருக்கு அடியில் படுக்கப் போட்டுவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஸ்டாண்ட் நழுவினாலும் அந்த இடைவெளி உயிரைக் காக்கும்.

அடுத்தது, முறுக்கும் அளவு. சக்கர போல்ட்டுக்கு 130 நியூட்டன் மீட்டர், ஆயில் வடிக்கும் பிளக்குக்கு 50 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. ‘நல்லா டைட் பண்ணிட்டேன்’ என்பது இங்கே செல்லாது. இன்ஜின் அலுமினியம் என்பதால் பலத்தைக் காட்டினால் மரை வழுக்கிவிடும். முதல் சம்பளத்தில் வாங்க வேண்டிய டூல், ஒரு நல்ல டார்க் ரென்ச்.

ஏர்பேக் பக்கம் போவதே இல்லை என்பது பெரும்பாலானவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதி. பிரேக் பேடு மாற்றுவார்கள். ஆனால் முதல்முறை என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

இப்படி வருஷக்கணக்கில் வீட்டிலேயே பராமரித்த காரை விற்கும்போது, டீலர் முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகம் இருக்காது. அதற்கு பதில் ஒரு ஃபைல் இருக்கும். வாங்கிய ஒவ்வொரு பாகத்தின் ரசீது, மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், கூடவே விரித்துவைத்த ஆயில் ஃபில்டர்களின் போட்டோக்கள். பாக்ஸ்டர் வாங்க வரும் விவரமான ஆள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கும் முன், அந்த போட்டோக்களைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறார்.